ரியோ கிராண்டே நதிக்கரைப் பட்சிகள்

கொலராடோ மாகாணத்துப் பனிமலைகளில் உற்பத்தியாகி, நியூ மெக்ஸிகோவை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, எல் பாஸோ நகரத்தை அடைந்தபின் தென்கிழக்கு நோக்கித் திரும்பி, மெக்ஸிகோ வளைகுடாவில் சங்கமமாகும் வரையில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு தேசங்களைப் பிரிக்கும் எல்லையாக ஓடுகிற நதி ஒன்று உண்டு. வடகரையில் வசிப்பவர்கள் அதை ரியோ கிராண்டே என்கிறார்கள். தென்கரையில் அதற்கு ரியோ பிராவோ என்று பெயர். அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் நடந்த யுத்தம் முடிந்து, 1848ஆம் வருஷத்தில் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தானபோது, டெக்ஸஸின் தெற்கு எல்லை இந்த நதியே என்று நிர்ணயமாயிற்று. தென்கிழக்காக ஓடி வரும் நதி, சிவாவாப் பாலைவனத்தின் மத்தியில் திடீரென்று வடகிழக்காகத் திரும்பி ஒரு பெரிய வளைவு வளைகிறது. அந்த வளைவின் வடபுறத்தில்தான் பிக் பெண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. 1944 ஜூன் மாதத்தில் ஏற்பட்ட அந்தப் பூங்காவின் விஸ்தீரணம் 3,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் தெற்கு எல்லையாக நதி சுமார் 190 கிலோமீட்டர் ஓடுகிறது. இதுவரை அங்கே 450க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன; அமெரிக்காவின் வேறு எந்தத் தேசியப் பூங்காவிலும் இத்தனை இனங்கள் பதிவானதில்லை.

நதியோரத்துத் தாழ்நிலத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற மழை பத்து அங்குலத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கோடையில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். அப்படிப்பட்ட பிரதேசத்தில் இத்தனை பட்சி ஜாதிகள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்று கேட்பது நியாயமே. ஆற்றங்கரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 அடி. பூங்காவின் நடுவே எழுந்து நிற்கும் சீஸோஸ் மலையின் எமரி சிகரமோ 7,832 அடி. இந்த உயர வித்தியாசத்துக்குள் கள்ளிக்காடும், புல்வெளியும், ஓக் மரச் சோலையும், பைன் வனமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மெக்ஸிகோவின் பறவைகளில் பல தங்கள் வட எல்லையை இங்கேதான் தொடுகின்றன. வடக்கே போகும் வலசைப் பறவைகள் வசந்த காலத்தில் இவ்வழியாகவே செல்கின்றன. ஆனால் இவை அத்தனைக்கும் அடிப்படையான காரணம் தண்ணீர். பாலைவனத்தில் பறவை பார்க்கப் போகிறவன் உண்மையில் தண்ணீரைத் தேடிப் போகிறான். நீர் இருக்கும் இடத்தில் மரம் இருக்கிறது, மரம் இருக்கும் இடத்தில் புழு பூச்சிகள் இருக்கின்றன, அவை இருக்கும் இடத்தில் பறவை இருந்தே தீரும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, யார் விட்டால் வருகிறது என்பதை அறியாமல் அங்குள்ள பறவைகளைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சாகவே முடியும் என்பது என் அபிப்பிராயம்.

நான் போனது ஏப்ரல் மாதக் கடைசியில், ஒரு குழுவோடு. தனியாகப் போய்ப் பறவை பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் பழக்கமில்லாத பிரதேசத்தில் பத்துக் கண்கள் பார்ப்பது இரண்டு கண்களுக்குப் புலப்படாது. ஒருவருக்குக் காது கூர்மையாக இருக்கும். இன்னொருவருக்கு ஆகாயத்தில் பறக்கும் பருந்தின் இறக்கை வடிவம் மனப்பாடமாக இருக்கும். மற்றொருவர் புதருக்குள் அசையும் ஒரு நிழலை விடாமல் கவனித்துக்கொண்டிருப்பார். குழுவுக்கு வழிகாட்டியாக வருகிறவர் மூன்று கால் தாங்கியின்மேல் தொலைநோக்கி ஒன்றைத் தோளில் சுமந்து வருவார். பறவை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு கடிகார முகத்தை மரத்தின்மேல் பாவித்துக்கொள்கிறார்கள்: “பெரிய மரம், இரண்டு மணி, இலையில்லாத கிளை” என்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும், பதினைந்து பைனாகுலர்களும் ஏககாலத்தில் அந்தக் கிளைக்கு உயரும். அபூர்வமான பறவை கண்ணாடிக்குள் அகப்பட்டுவிட்டால் எல்லோரும் வரிசையாக வந்து, ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். பறந்துவிடுமோ என்ற பரபரப்பு எல்லோருக்கும் இருக்கும்போதே இந்த மரியாதையைக் காப்பாற்றுவது சாமானியமான சமாசாரம் அல்ல. பறவைகளின் குரலைக் கருவியில் ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைப்பது அந்தப் பூங்காவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. கூடு கட்டும் காலத்தில், போட்டியாளன் வந்துவிட்டான் என்று எண்ணி ஆண் பறவை தன் காரியத்தை விட்டுவிட்டு ஓடி வந்து வீணாக அலையும் என்பதே காரணம். நல்ல விதி.

பூங்காவின் கிழக்குக் கோடியில் ரியோ கிராண்டே வில்லேஜ் என்ற தங்குமிடம் இருக்கிறது. முன்பு பண்ணை நிலமாக இருந்த அந்த இடத்தில் காட்டன்வுட் என்னும் நெடிய மரங்கள் நிற்கின்றன. நம் அரசிலையைப் போலவே அவற்றின் இலையும் லேசான காற்றுக்கெல்லாம் சலசலத்துக்கொண்டே இருக்கும். ஆற்றிலிருந்து நீர் இறைத்து, வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சித்தான் இந்தத் தோப்பைப் பூங்கா நிர்வாகத்தார் உயிரோடு வைத்திருக்கிறார்கள். சூரியோதயத்துக்கு முன்பே நாங்கள் அங்கே போய்விட்டோம். தோப்பின் ஓரத்தில் மெஸ்கீட் மரங்கள் புதராக மண்டியிருந்தன. நம் ஊர் ஏரிகளையும் கண்மாய்களையும் ஆக்கிரமித்து நாம் சபிக்கிற சீமைக்கருவேலத்துக்கு மெஸ்கீட் நெருங்கிய உறவு. ஆனால் அங்கே அது சொந்த மண்ணின் மரம். அதன் பூவில் தேனீ மொய்க்கிறது, நெற்றைக் காட்டு மிருகங்கள் தின்கின்றன, கிளையில் பறவைகள் குடியிருக்கின்றன. இடம் மாறியதால் பகையாகிவிட்ட ஒரு ஜீவனை அதன் பிறந்த வீட்டில் பார்க்கும்போது நம் மனத்திலுள்ள கோபம் சற்றே தணிகிறது.

அந்த மெஸ்கீட் கிளை ஒன்றின் நுனியில், ஆள் உயரத்தில், வெர்மிலியன் ஃப்ளைகேட்சர் என்னும் ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியின் அளவுதான் இருக்கும். தலையும் மார்பும் வயிறும் கலப்பில்லாத சிவப்பு. முதுகும் இறக்கையும் கண்ணை மறைக்கும் பட்டையும் கரும்பழுப்பு. கிளையிலிருந்து சட்டென்று கீழே பாய்ந்து, புல்லுக்கு ஒரு சாண் மேலே ஏதோ ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு, புறப்பட்ட அதே நுனிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. வாலை ஒருமுறை தாழ்த்தி உயர்த்தியது. அலகிலிருந்த பூச்சியைக் கிளையில் இரண்டு முறை அடித்து விழுங்கியது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெட்டை ஒன்று பக்கத்துப் புதரில் வந்து அமர்ந்தது. உடனே ஆண் பறவை மார்புச் சிறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கைகளை வெகு வேகமாக அடித்து, மரங்களுக்கு மேலே செங்குத்தாக எழும்பி, அந்தரத்தில் தத்தளித்தபடியே மெல்லிய குரலில் தொடர்ந்து கூவிற்று. தன் நிறத்தையும் பலத்தையும் ஒரே சமயத்தில் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. குழுவில் ஒருவரும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அடையாளப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது அந்தச் சிவப்பு. அந்த எழும்பலை நேரில் பார்த்தால்தான் உண்டு.

அதே தோப்பில் ஒரு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் நெருங்கக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். மேலே சுள்ளிகளால் அமைந்த ஒரு பெரிய கூடு. அதில் காமன் பிளாக் ஹாக் என்னும் கரும்பருந்து. குறுகிய வாலின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, நீண்ட மஞ்சள் கால்கள், மற்றபடி உடல் முழுவதும் கறுப்பு. இந்தப் பருந்து மீனையும் தவளையையும் நீர்ப்பூச்சிகளையும் நம்பி வாழ்கிறது. ஆழமில்லாத ஓடையில் இறங்கி நடந்தும் வேட்டையாடும். ஆகையால் ஓடும் நீரும், அதன் கரையில் உயர்ந்த மரமும் சேர்ந்து இல்லாத இடத்தில் அது கூடு கட்டாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மொத்தமே சில நூறு ஜோடிகள்தாம் இருக்கின்றன. ஒரு தோப்பை வாய்க்கால் பாய்ச்சிக் காப்பாற்றுவதற்கு இந்த ஒரு ஜோடியே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வெயில் ஏற ஏற வல்லூறுகளும் கழுகுகளும் ஆகாயத்தில் வட்டமிடத் தொடங்கின. டர்க்கி வல்ச்சர் என்னும் அந்நாட்டுப் பிணந்தின்னிக் கழுகு, நம் நாட்டுக் கழுகைப் போலக் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மோப்பத்தால் இரையைக் கண்டுபிடிக்கும் அபூர்வ சக்தி அதற்கு உண்டு. இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி வளைத்து, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு மிதக்கும். ஒவ்வொரு கழுகையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டி வற்புறுத்தினார். கழுகுகளோடு கழுகாக, அதே நிறத்தில், அதே ஆட்டத்தோடு மிதக்கும் பருந்து ஒன்று அங்கே உண்டு. ஸோன் டெய்ல்டு ஹாக் என்று பெயர். கழுகைக் கண்டு பல்லியும் அணிலும் பயப்படுவதில்லை. அந்தத் தைரியத்தைப் பயன்படுத்தியே இந்தப் பருந்து கழுகின் வேஷத்தில் நெருங்கி வந்து பாய்கிறது என்று பட்சி சாஸ்திரிகள் கருதுகிறார்கள். வாலில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தபின், குழுவிலிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரே அதைக் கண்டுபிடித்தார்.

ரோட்ரன்னர் என்னும் பறவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட வாலும் சிலுப்பிய கொண்டையுமாகத் தரையில் ஓடித் திரியும் அது குயில் குலத்தைச் சேர்ந்தது. நம் தோட்டத்துச் செம்போத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பல்லி, தேள், சிறு பாம்பு எதையும் விடாது. பாலைவனத்து இரவின் குளிரில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு கிடந்துவிட்டு, காலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இறகுகளை விரிக்கிறது. இறகுகளுக்கு அடியில் அதன் தோல் கறுப்பாக இருப்பதால் வெப்பத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்கிறது. சாலையோரத்துப் பாறை ஒன்றில் இப்படி நின்ற பறவை எங்கள் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் வெயில் காய ஆரம்பித்துவிட்டது.

இந்தப் பூங்காவுக்கு வரும் பறவை ஆர்வலர்கள் பெரும்பாலோர் நதியைவிட மலையையே நினைத்து வருகிறார்கள். கொலிமா வார்ப்ளர் என்னும் சாம்பல் நிறச் சிறு பறவை, குளிர்காலத்தை மெக்ஸிகோவின் தென்மேற்கில் கழித்துவிட்டு, ஏப்ரலில் சீஸோஸ் மலைக்கு வந்து கூடு கட்டுகிறது. அமெரிக்காவில் அதை வேறெங்கும் பார்ப்பது அரிது. இங்கே அது 1928இல் கண்டறியப்பட்டது. 1932இல் அதன் கூடு கிடைத்தது. அதைப் பார்க்க, அந்த மலையிலுள்ள பூட் பள்ளத்தாக்கு வரையில் போய்வரப் பதினைந்து கிலோமீட்டர் ஏற்ற இறக்கம். நாங்களும் போனோம், பார்த்தோம். ஆனால் என் மனம் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டது.

பூங்காவின் மேற்கே சாந்தா எலேனா என்னும் மலைப்பிளவு இருக்கிறது. ஆறு சுண்ணாம்புப் பாறையை யுகயுகமாக அறுத்து உண்டாக்கிய அந்தப் பிளவின் சுவர்கள் இரு புறமும் 1,500 அடி உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இடக்கைப் பக்கத்துச் சுவர் மெக்ஸிகோ, வலக்கைப் பக்கத்துச் சுவர் அமெரிக்கா. உள்ளே நுழைந்தால் ஆகாயம் ஒரு குறுகிய பட்டையாகத் தெரியும். உழவாரக் குருவிகள் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு அம்பு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. பாறை இடுக்கில் வாழும் கேன்யன் ரென் என்னும் சின்னஞ்சிறு பறவையை ஒருவரும் முதலில் காணவில்லை. அதன் பாட்டைத்தான் கேட்டோம். உச்ச ஸ்தாயியில் தொடங்கி, ஒவ்வொரு சுரமாக இறங்கி, இறங்க இறங்க வேகம் குறைந்து, கடைசியில் கரகரப்பாக முடியும் அந்தப் பாட்டு இரண்டு தேசங்களின் சுவர்களிலும் மோதி எதிரொலித்ததால், பறவை எந்தக் கரையில் இருக்கிறது என்று நிச்சயிக்க முடியவில்லை.

அங்கேதான் பெரிய வல்லூற்றையும் கண்டோம். பெரெக்ரின் எனப்படும் இந்த வல்லூறு குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் வருகிற அதே இனம். டி.டி.டி. பூச்சிமருந்து இரையின் மூலமாக உடலில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்துக்கே உடைந்துபோனதால், 1960களின் நடுவில் கிழக்கு அமெரிக்காவில் இது முற்றிலும் அற்றுப்போயிற்று. அந்தக் கெட்ட காலத்திலும் இந்த நதியின் பாறைச் சுவர்களில் சில ஜோடிகள் தாக்குப்பிடித்திருந்தன. 1972இல் அந்நாட்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது, 1999இல் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து வல்லூற்றை நீக்கினார்கள். ஒரு தேசம் தன் தவற்றை உணர்ந்து திருத்திக்கொண்டால் பறவை திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

இரவு உணவுக்குப்பின் குழுவினர் ஒன்றுகூடி, அன்றைய கணக்கை முடிப்பது வழக்கம். வழிகாட்டி பெயர்ப் பட்டியலை வாசிக்க, பார்த்தவர்கள் கை தூக்குவார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் ஓர் இனத்தைப் பார்த்திருந்தால் அதை லைஃபர் என்று சொல்லி எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். எல்லை நதியில் இந்தக் கணக்குக்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. ஒரு நாட்டின் பட்டியலில் பறவையைச் சேர்க்க வேண்டுமானால், பார்க்கும்போது பறவை அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும். பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியமல்ல. எதிர்க்கரை நாணலில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி மெக்ஸிகோவின் பறவை. அது ஆற்றின் பாதியைத் தாண்டிப் பறந்தால் அமெரிக்கப் பறவையாகிவிடுகிறது. ஆற்றின் நடுவே மிதக்கிற ஓர் எல்லைக் கோட்டை மனத்தில் பாவித்துக்கொண்டு, அதை ஒரு மீன்கொத்தி தாண்டுமா என்று பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததை நான் பார்த்தேன். பறவைகளுக்கு இரு கரையும் ஒன்று என்பதை இரண்டு அரசாங்கங்களும் அறியாதவை அல்ல. வலசைப் பறவைகளைக் காப்பதற்காக அவை 1936ஆம் வருஷத்திலேயே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன.

தண்ணீரைப் பற்றிய உடன்படிக்கை அவ்வளவு தாராளமானது அல்ல. கொலராடோவில் பிறந்த நீர் உண்மையில் பிக் பெண்டுக்கு வந்து சேருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நியூ மெக்ஸிகோவில் 1916இல் கட்டி முடிக்கப்பட்ட எலிஃபண்ட் பியூட் அணையும், அதற்குக் கீழேயுள்ள வயல்களும் நகரங்களும் அதை எடுத்துக்கொள்கின்றன. எல் பாஸோவுக்குக் கீழே நெடுந்தூரத்துக்கு ஆறு பெயரளவில்தான் ஆறு. மெக்ஸிகோவின் மேற்கு மலைத்தொடரில் பிறந்து, ஓஜினாகா என்ற ஊரின் அருகில் வந்து கலக்கும் கோன்சோஸ் என்னும் உபநதியே அதற்கு மறுபிறவி கொடுக்கிறது. அமெரிக்கக் கரையில் அமெரிக்கச் சட்டம் காக்கிற மரத்தில் கூடு கட்டியிருக்கிற அந்தக் கரும்பருந்து, பெரும்பாலும் மெக்ஸிகோவின் மழையைக் குடித்துத்தான் குஞ்சு வளர்க்கிறது. 1944ஆம் வருஷத்து நீர் உடன்படிக்கையின்படி, கோன்சோஸ் உள்ளிட்ட ஆறு உபநதிகளின் நீரில் மூன்றில் ஒரு பங்கை மெக்ஸிகோ கொடுக்க வேண்டும். ஐந்து வருஷச் சுழற்சியில், சராசரியாக வருஷத்துக்கு 3,50,000 ஏக்கர் அடிக்கு அது குறையக்கூடாது. மழை பொய்த்த வருஷங்களில் பாக்கி விழுகிறது, பாக்கியைப் பற்றி இரு தரப்பு விவசாயிகளும் கொந்தளிக்கிறார்கள். கூட்டு நீரை எந்த உபயோகத்துக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசையும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது: வீடும் நகரமும், விவசாயமும் கால்நடையும், மின்சாரம், மற்றத் தொழில்கள், படகுப் போக்குவரத்து, மீன்பிடித்தலும் வேட்டையும், பிற பயனுள்ள உபயோகங்கள். நதி நதியாக ஓடுவதற்கென்று அதில் ஓர் இடம் இல்லை. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு தேவை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. இப்போது தோன்றியிருக்கிறது; ஆகவே சேர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெருவெள்ளங்கள் குறைந்துபோனதன் விளைவை ஆற்றங்கரையில் கண்கூடாகப் பார்க்கலாம். முன்பு வெள்ளம் வந்து கரையைக் கழுவிவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்த ஈர மணலில் காட்டன்வுட்டும் வில்லோவும் முளைக்கும். இப்போது டாமரிஸ்க் புதரும் பெருநாணலும் கரையைப் பிடித்துக்கொண்டு, வண்டலைத் தேக்கி, ஆற்றையே குறுக்கிவிட்டன. இரண்டும் நம் பக்கத்து உலகத்திலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டவை. நமக்கு அவர்கள் நிலத்துச் சீமைக்கருவேலம். அவர்களுக்கு நம் நிலத்து நாணல். இரண்டு நாட்டுப் பணியாளர்களும் சேர்ந்து, இரு கரையிலும் பெருநாணலை எரித்தும் மருந்தடித்தும் அழித்து வருகிறார்கள். ஒரு கரையில் மட்டும் செய்தால் பிரயோஜனமில்லை. மறுகரையிலிருந்து ஒரு துண்டு மிதந்து வந்து ஒதுங்கினாலும் வேர்பிடித்துவிடும்.

கடைசி நாளன்று நாங்கள் போக்கியாஸ் கிராமத்துக்கு ஆற்றைக் கடந்து போனோம். அக்கரையிலுள்ள மதேராஸ் தெல் கார்மென் வனப்பகுதியை மெக்ஸிகோ அரசாங்கம் 1994இல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தது. இரு கரையும் சேர்ந்து ஒரே சர்வதேசப் பூங்காவாக வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மெக்ஸிகோவின் ஜனாதிபதிக்கு எழுதியது 1944இல். அது இன்னும் நடக்கவில்லை. அதற்கு மாறாக, 2002 மே மாதத்தில், நாங்கள் ஆற்றைக் கடந்த இந்தச் சிறு படகுத் துறையையே மூடிவிட்டார்கள். பூங்காவுக்கு வருகிறவர்களை நம்பி வாழ்ந்த கிராமம் வருமானமிழந்தது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. 2013 ஏப்ரலில் துறை மறுபடியும் திறக்கப்பட்டது. துடுப்புப் படகில் ஏறினால் நாலைந்து நிமிஷத்தில் அக்கரை. அங்கே பெண்கள் தையல் வேலை செய்த துணிகளையும், செம்புக் கம்பியையும் பாசிமணியையும் முறுக்கிச் செய்த ரோட்ரன்னர் பொம்மைகளையும் விற்கிறார்கள். கொண்டையும் வாலும் பிசகாமல் அமைந்திருந்தன. பறவை பார்க்கப் போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிடாமல், கட்டாயம் இந்தக் கிராமத்துக்கும் போக வேண்டும். துறை வாரத்தில் சில நாட்களே திறந்திருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது, பாஸ்போர்ட் வேண்டும், படகுக்காரருக்கும் பொம்மைக்கும் கொடுக்கச் சில்லறை நோட்டுகள் வேண்டும்.